ஒருங்குறி இல்லாத பைத்தான்

பைத்தான் மொழியில் நான்கு வரியேனும் எழுதிப் பழகாத மாணவர் இன்று நம் வளாகத்தில் அரியர். பொறியியல் மாணவர்களை விடுங்கள். பொருளியல் படிப்பவரும், உயிரியல் படிப்பவரும், ஏன், மொழியியல் படிப்பவருங்கூட அதனை ஓரளவு கையாளுகிறார்கள். அந்தப் பைத்தானில் ‘தமிழ்’ என்று எழுதினால் அது தமிழாகவே நிற்கிறது. இதை நாம் வியப்பதில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதை எவர் வியக்கிறார்? (நம் விடுதியில் மே மாதத்தில் வியப்பவர் உண்டு, அது வேறு கதை.) ஆனால், ஆங்கில நெடுங்கணக்குக்கு அப்பாற்பட்ட எந்த எழுத்தையும் எழுத்தென்றே அறியாதபடி அதே பைத்தானைக் கட்டிக்கொள்ளும் வசதி ஒரு காலத்தில் இருந்தது. வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அவ்வாறு கட்டிய பைத்தானும் ஒழுங்காக ஓடவேண்டும், அதன் சோதனைகளும் ஒழுங்காக முடியவேண்டும் என்பதற்காகச் சிலர் பல்லாண்டு உழைத்தும் இருக்கிறார்கள். அந்த உழைப்பு எத்தகையது, அதனால் நமக்கு என்ன என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் ‘கட்டுதல்’ என்ற சொல்லைப் பார்ப்போம். நாம் பைத்தானில் எழுதும் நிரலை ஓட்டுகின்ற நிரல் ஒன்று உண்டு. பெரும்பாலோர் பயன்படுத்தும் பைத்தானில் அது சி மொழியில் எழுதப்பட்டது. அந்த மூல வரிகளைப் பொறிக்கேற்ற கட்டளைகளாக மாற்றி, நூலகங்களோடு இணைத்து, ஓடக்கூடிய ஒரு கோப்பாக ஆக்குவதையே கட்டுதல் என்கிறோம். வீடு கட்டுமுன் ‘மாடி வேண்டுமா, வேண்டாமா?’ என்று கொத்தனார் கேட்பதுபோல, கட்டுமுன் ‘கன்ஃபிகர்’ என்னும் கட்டளை சில விருப்பங்களைக் கேட்டுக்கொள்ளும். 2001 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 2.2 பதிப்பில் ‘டிஸேபிள்-யூனிகோடு’ என்றொரு விருப்பம் இருந்தது. யூனிகோடு எனப்படும் ஒருங்குறியை அடியோடு நீக்கிவிட்டுக் கட்டு என்பது அதன் பொருள்.

இவ்விருப்பம் ஏன் தோன்றியது என்பதை அறியச் சற்றுப் பின்னே போகவேண்டும். பைத்தான் பிறந்தபோது அதில் சரம் என்றால் பைட்டுகளின் வரிசை, அவ்வளவே. 2000 அக்டோபரில் வந்த 2.0 பதிப்பில்தான் மார்க்-ஆந்திரே லெம்பர்க் வகுத்த திட்டத்தின்படி ‘யூனிகோடு’ என்னும் புதிய சரவகை சேர்க்கப்பட்டது. பழைய சரவகையும் அப்படியே இருந்தது. ஒரு வீட்டில் இரண்டு சமையற்கட்டு! இரண்டாவது சமையற்கட்டுக்கோ இடம் நிறைய வேண்டியிருந்தது. ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பைட்டோ நான்கு பைட்டோ ஒதுக்கவேண்டும். எந்தக் குறி எழுத்து, எது எண், எதற்குப் பெரிய வடிவம் எது என்னும் அட்டவணைகளைச் சுமக்கவேண்டும். பலவகைக் குறியாக்கங்களை மாற்றும் பகுதிகளைச் சேர்க்கவேண்டும். சிறிய கருவிகளுக்குள் பைத்தானைப் புகுத்த நினைப்பவருக்கு இது சுமையே. ‘எமக்கு ஒரு சமையற்கட்டுப் போதும்’ என்பாருக்காகத் திறந்த வழி இது.

இப்போது நம் தமிழை இந்த இரண்டு முறைகளிலும் எண்ணிப் பார்ப்போம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று நம் வீட்டுக் குழந்தை சொல்லும். ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் 2944 முதல் 3071 வரை, ஆக 128 எண்கள். அந்தக் கணக்கில் ‘தமிழ்’ ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. கோப்பில் யு.டி.எஃப்.-8 முறையில் எழுதும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டு ஆகும். ‘த’ என்பது 224, 174, 164 என்னும் மூன்று எண்கள். ஆகவே அதே சொல் பதினைந்து பைட்டு.

மூன்றா, ஐந்தா, பதினைந்தா? ஒருங்குறி இல்லாத பைத்தானைக் கேட்டால் பதினைந்து என்னும். ஒருங்குறி உள்ளது ஐந்து என்னும். மூன்று என்று சொல்லும் பைத்தான் இன்றும் தானாக வருவதில்லை என்பதை இடையே சொல்லிவைக்கிறேன். ‘ஒருங்குறி வந்துவிட்டது, தமிழுக்குக் குறையொன்றுமில்லை’ என்று மார்தட்டுபவர்கள் ‘தமிழ்’ என்ற சரத்தைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் பார்க்கட்டும். புள்ளி முதலில் வந்து நிற்கும்!

ஆயினும் ஐந்துக்கும் பதினைந்துக்கும் உள்ள வேற்றுமை பெரிது. பதினைந்து பைட்டில் முதற் பத்தை வெட்டி எடுங்கள். ‘தமி’ என்பதற்கு ஒன்பது பைட்டு. பத்தாவது பைட்டு ‘ழ’கரத்தின் மூன்றில் ஒரு பங்கு. அது எந்த மொழியிலும் எழுத்தன்று. அதைத் திரையில் காட்டினால் கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். குறிக்கணக்கில் வெட்டினால் புள்ளி போகலாம், கொம்பு போகலாம். ஆனால் எஞ்சுவது படிக்கத் தகுந்த ஏதோ ஒன்றாகவாவது இருக்கும். பைட்டுக் கணக்கில் வெட்டினால் எஞ்சுவது குப்பை.

ஆனால், ஒருங்குறி இல்லாத பைத்தானில் தமிழே புகாது என்று எண்ணிவிடக்கூடாது. புகும். பதினைந்து பைட்டும் உள்ளே போய், யாரும் வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே வெளியே வந்தால், திரையில் ‘தமிழ்’ என்றே தெரியும். அஞ்சற்காரருக்குக் கடிதத்தின் மொழி தெரியவேண்டியதில்லை அன்றோ? உறையைப் பிரிக்காதவரை தொல்லையில்லை. இதனால்தான் இவ்வகைக் கோளாறு உடனே கண்ணில் படுவதில்லை. நூறு இடத்தில் சரியாக ஓடி, நூற்றொன்றாம் இடத்தில், எவரோ ஒருவரின் பெயரை வெட்டும்போது வெளிப்படும்.

இனி, கட்டுகிறவர் படும் பாட்டுக்கு வருவோம். பைத்தானின் சி மொழி மூலத்தில் ஒருங்குறியைத் தொடும் இடமெல்லாம், ‘ஒருங்குறி உண்டெனில் இவ்வரிகளைச் சேர், இன்றேல் விடு’ என்ற நிபந்தனை வேலி போடவேண்டும். ஓரிடத்தில் வேலி தவறினால், இல்லாத பகுதியை இருப்பதாக நம்பி அழைக்கும் வரி ஒன்று உள்ளே தங்கிவிடும்; இணைக்கும் நேரத்தில் ‘இப்பெயருடையார் எவருமிலர்’ என்று கட்டுமானம் நின்றுவிடும். இது நல்ல வகைத் தவறு. ஏனெனில் கண்முன்னே நிற்கிறது.

பைத்தானிலேயே எழுதிய நூலகப் பகுதிகளில் நிகழ்வது வேறு. அங்கே ‘யூனிகோடு’ என்ற பெயர் இல்லையே என்பது, அந்த வரி ஓடும்போதுதான் தெரியும். இதற்கு நூலகம் எழுதியவர்கள் கையாண்ட முறை எளியது, அழகியது. அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார். ‘பெயர்ப்பிழை’ எழுந்தால் அதைப் பிடித்துக்கொண்டு, ஒருங்குறி இல்லை என்று குறித்துக்கொள் என்பதே அம்முறை. பைத்தான் 2.7இன் ‘லாகிங்’ பகுதியில் இது தொடக்கத்திலேயே இருக்கிறது. பொருள்களைப் படியெடுக்கும் ‘காப்பி’ பகுதியில், ஒருங்குறிச் சரத்துக்கான விதியைப் பட்டியலில் சேர்க்க முயன்று, பெயர் இல்லையென்றால் பேசாமல் கடந்துவிடும் வரிகள் உள்ளன. ‘டைப்ஸ்’ பகுதியிலோ, சரவகைகள் என்ற தொகுப்பில் ஒருங்குறி இருந்தால் இரண்டு உறுப்பு, இல்லாவிட்டால் ஒன்று. பழைய வீட்டில் அடைத்த கதவின் சுவடுபோல இந்த வரிகள் 2.7இன் மூலத்தில் இன்றும் காணக்கிடக்கின்றன. ஓய்வுள்ளோர் திறந்து படிக்கலாம். பாடப்புத்தகத்தைவிடச் சுவையாக இருக்கும் என்பது என் கருத்து.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. பைத்தானைக் கட்டும் வேலை முடிவதற்குள்ளேயே, புதிதாகப் பிறந்த அந்தப் பைத்தான் வேலைக்கு அமர்த்தப்படுகிறது. 2.7இல், துணைப்பகுதிகளைக் கட்டுகிற நிரலே பைத்தானில் எழுதப்பட்டது. அதை ஓட்டுவது அப்போதுதான் கட்டிய பைத்தான். பிறந்த குழந்தையே தனக்குத் தொட்டில் கட்டிக்கொள்வது போன்றது இது! ஆகவே அந்த நிரல் அழைக்கும் நூலகப் பகுதி எதிலேனும் காப்பில்லாமல் ‘யூனிகோடு’ என்ற பெயர் ஒருமுறை வந்துவிட்டால் போதும், சோதனை வரை போகவேண்டியதில்லை. கட்டுமானமே பாதியில் நிற்கும்.

அடுத்தது சோதனை. என் மனத்தை ஈர்த்தது இப்பகுதியே.

பைத்தானோடு அதன் சோதனைத் தொகுப்பும் வருகிறது. கட்டி முடித்தபின் அதை ஓட்டி, எல்லாம் தேறினால்தான் கட்டுமானம் நம்பத்தக்கது. ஒருங்குறி இல்லாத கட்டுமானத்தில் ஒருங்குறிச் சோதனை எப்படித் தேறும்? தேறாது, தேறவும் கூடாது. அப்படியானால் அது ‘தோற்றது’ என்று எழுதுவதா? கேட்ட வசதியைக் கேட்டபடி நீக்கியதற்குத் தோல்வி என்று பெயரிடுவது முறையன்று. எனவே மூன்றாவது விடை ஒன்று வேண்டும்: ‘தாண்டப்பட்டது’. 2.7இன் சோதனைத் துணைப்பகுதியில் ‘ஹேவ் யூனிகோடு’ என்னும் குறியும், அதன் பிற்காலப் பதிப்புகளில் ‘ரிக்வயர்ஸ் யூனிகோடு’ என்னும் முத்திரையும் இருக்கின்றன. ஒரு சோதனையின் தலையில் இம்முத்திரையை இட்டால், ஒருங்குறி இல்லாத இடத்தில் அச்சோதனை காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்.

முத்திரை இட்டால் முடிந்ததா? இல்லை. முத்திரை வேலைசெய்வது நிரல் ஓடும் நேரத்தில். ஆனால் நிரலில் நேரடியாக எழுதிய ஒருங்குறிச் சரம், அதாவது முன்னால் ‘யு’ என்ற அடையாளம் இட்ட சரம், நிரலைப் படிக்கும்போதே பொருள் கொள்ளப்பட்டுவிடுகிறது. காவலர் வாயிலில் வந்து நிற்குமுன்பே விருந்தாளி உள்ளே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகவே அத்துணைப்பகுதியில் ‘யு’ என்றே பெயரிட்ட சிறு சார்பு ஒன்றும் உண்டு. சரத்தை வெறும் ஆஸ்கி எழுத்தால், எண்குறிப்பாக எழுதி, அதை ஒருங்குறியாக மாற்றும் வேலையைச் சோதனை ஓடும் நேரத்துக்குத் தள்ளிவைக்கிறது அது. சோதனை ஒதுங்கிக்கொண்டால் அந்த மாற்றமும் நிகழாது. ஓரெழுத்துச் சார்பு; உள்ளே ஒரே வரி. ஆயினும் படிக்கும் காலம் வேறு, ஓடும் காலம் வேறு என்ற பாடத்தை எனக்கு இதைப்போல் எந்த வகுப்பும் உணர்த்தியதில்லை.

இதை விடுதியில் பேசிக்கொண்டிருந்தபோது முதலாண்டுத் தம்பி ஒருவர் குறுக்கிட்டார். “அண்ணா, இத்தனை பாடு எதற்கு? அந்தக் கோப்பையே மொத்தமாகத் தாண்டிவிட்டால் என்ன? ஒருங்குறி இல்லாத பைத்தானை யார் கட்டப்போகிறார்கள்?”

இரண்டாம் கேள்விக்கு விடை பின்னே வருகிறது. முதற் கேள்விக்கு அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஒரு கோப்பில் நாற்பது சோதனைகள் இருக்கின்றன என்று கொள்வோம். அவற்றில் மூன்றே ஒருங்குறியைத் தொடுகின்றன. கோப்பை மொத்தமாகத் தாண்டினால், எஞ்சிய முப்பத்தேழும் சோதிக்கப்படாமற் போகின்றன. ஒருங்குறி இல்லாத கட்டுமானத்தில் சாதாரணச் சரம் சரியாக ஓடுகிறதா என்பதல்லவோ முதன்மையான கேள்வி? அதைக் கேட்கும் வாயையே அடைத்துவிட்டோம்! ஆகவே எவ்வளவு சிறிய பகுதியைத் தாண்ட முடியுமோ அவ்வளவே தாண்டவேண்டும். ஒரே சோதனைக்குள் சாதாரணச் சரமும் ஒருங்குறிச் சரமும் கலந்திருந்தால், அதை இரண்டாகப் பிரித்து, பின்னதற்கு மட்டும் முத்திரை இடவேண்டும். இது சலிப்பூட்டும் வேலைதான். பேரும் புகழும் கிடைக்காத வேலையுங்கூட. இருந்தும் திறந்த மூல உலகில் காலெடுத்து வைக்க விரும்பும் நம் மாணவர்க்கு இதைவிட நல்ல வாயில் இல்லை. பிறர் எழுதிய நூறு சோதனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, எது எதைச் சார்ந்தது என்று பிரித்தறிந்தவருக்கு அந்த மென்பொருளின் எலும்புக்கூடே மனப்பாடமாகிவிடும்.

தம்பி விடவில்லை. “தாண்டப்பட்டது என்றால் தேறியது மாதிரிதானே பச்சையாகக் காட்டுகிறது?” என்றார். கெட்டிக்காரர்! ஆபத்து அங்கேதான். தாண்டிய சோதனை எதையும் உறுதி சொல்வதில்லை, வாய்மூடி இருக்கிறது. ஒருங்குறி இல்லாத பொறியில் மட்டுமே சோதனையை ஓட்டிவிட்டு, ‘தோல்வி ஏதுமில்லை’ என்று மென்பொருளை வெளியிட்டால், தமிழைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சோதிக்கவில்லை என்பதே உண்மை. ஆகையால் இருவகைக் கட்டுமானத்திலும் சோதனையை ஓட்டவேண்டும். தாண்டியவை எத்தனை, எக்காரணத்தால் என்ற எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும். நேற்று மூன்று தாண்டி இன்று முந்நூறு தாண்டினால், பச்சை விளக்கை நம்பிப் படுத்து உறங்கலாகாது.

இருவகை என்றேனே, உண்மையில் பைத்தான் 2இல் மூவகை இருந்தன. ஒருங்குறி உள்ளவற்றிலேயே குறிக்கு இரண்டு பைட்டு ஒதுக்கும் குறுகிய கட்டுமானம் ஒன்று, நான்கு பைட்டு ஒதுக்கும் அகன்ற கட்டுமானம் ஒன்று. குறுகியதில் 65535 என்ற எண் வரைதான் ஒரே குறியாக அடங்கும். அதற்கு மேற்பட்டதை இரு துண்டாகப் பிளந்து வைக்கும். நம் தமிழெழுத்துகள் அவ்வெல்லைக்குள் அடங்குவதால் நமக்குக் கவலையில்லாதிருந்தது. ஆனால் 2019இல் ஒருங்குறியின் 12.0 பதிப்பில் தமிழ்ப் பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளுமாக 51 குறிகள் சேர்க்கப்பட்டன. முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு முதலியன அவை. நம் பாட்டனார் கணக்குப் புத்தகத்தில் இருந்தவை. அவற்றின் இடம் 65535க்கு அப்பால். குறுகிய கட்டுமானத்தில் முந்திரிக் குறி ஒன்றின் நீளம் இரண்டு! இந்த வேறுபாடு இன்னொரு தொல்லையும் தந்தது. குறுகியதற்காகக் கட்டிய துணைப்பகுதியை அகன்றதில் ஏற்றினால் பெயர் பொருந்தாமல் ஏற மறுக்கும். 2012இல் வந்த பைத்தான் 3.3, மார்ட்டின் ஃபான் லோவிஸ் வகுத்த முறையால், ஒவ்வொரு சரத்துக்கும் தேவைக்கேற்ப ஒன்றோ இரண்டோ நான்கோ பைட்டு ஒதுக்கி, இந்தக் குறுகல் அகலல் வழக்கைத் தீர்த்துவைத்தது.

ஒருங்குறியை நீக்கிக் கட்டும் விருப்பமோ அதற்கு முன்பே மறைந்துவிட்டது. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3.0இல் சரம் என்றாலே ஒருங்குறிதான். அதை நீக்கினால் மொழியே இல்லை. பைத்தான் 2.7இன் கடைசிப் பதிப்பு 2020 ஏப்ரலில் வெளிவந்ததோடு பழைய கதை முடிந்தது. மேசைக் கணிப்பொறிக்கும் சேவையகத்துக்கும் இதுவே சரியான முடிவு என்று நான் கருதுகிறேன். ஒரு பெரிய மொழி, உலகத்தின் பெரும்பாலான எழுத்துகளை ‘விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்’ என்ற பட்டியலில் வைத்திருப்பது நெடுநாள் தாங்காது.

சிறிய பொறிகளின் நியாயம் வேறு. தம்பியின் இரண்டாம் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. மைக்ரோபைத்தான் என்பது டேமியன் ஜார்ஜ் என்பவர் நுண்கட்டுப்பாட்டுப் பொறிகளுக்காக ஆக்கிய பைத்தான். நிரலுக்கு 256 கிலோபைட்டும் வேலை நினைவகமாக 16 கிலோபைட்டும் இருந்தாலே ஓடக்கூடியது. நம் கைப்பேசியில் ஒரு நிழற்படத்துக்குப் போதாத இடம் அது! அங்கே சரத்தை ஒருங்குறியாகக் கொள்ளலாமா என்பது இன்றும் கட்டும்போது தேர்ந்தெடுக்கும் அமைப்பே. வசதி மிகுந்த கட்டுமானங்களில் அது திறந்திருக்கும். மிகச் சிறியவற்றில் மூடியிருக்கும். மூடியிருந்தால் ‘தமிழ்’ மீண்டும் பதினைந்து. திறந்திருந்தாலும் ஒரு விலை உண்டு. அங்கே சரத்தை யு.டி.எஃப்.-8 ஆகவே வைத்திருப்பதால், நூறாவது குறி எது என்றால் முதலிலிருந்து எண்ணிக்கொண்டே போகவேண்டும். ஒருங்குறிக்கான சோதனைகளை அம்மொழியின் தொகுப்பில் தனி அடைவாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஒழுங்கை நான் பாராட்டுகிறேன். எது நீங்கினால் எது நீங்கும் என்பது பார்த்தவுடன் தெரிகிறது.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. பொங்கல் விழாவுக்கு வாயிலில் ஓடும் விளக்குப் பலகை ஒன்று செய்து, வருகின்ற புதுமாணவர் பெயர்களைத் தமிழில் ஓடவிடவேண்டும் என்று மன்றத்தில் பேச்சு எழுந்திருக்கிறது. விலை மலிந்த சிறு பொறி ஒன்றையே வாங்கலாம் என்கிறார் பொருளாளர்; பொருளாளர் வேறு என்ன சொல்வார்? ஆங்கிலப் பெயர்களை மட்டும் ஓட்டிப் பார்த்தால் எந்தப் பொறியும் தேறும். மீனாட்சிசுந்தரம் என்ற பெயர் தமிழில் பதினாறு குறி, நாற்பத்தெட்டு பைட்டு. பலகையில் ஒரு நேரத்தில் பன்னிரண்டு ‘எழுத்து’ என்று நிரலில் எழுதி, உள்ளே ஒருங்குறி மூடிய கட்டுமானம் இருந்தால், ‘மீனாட்’ என்பதோடு நிற்காமல், ‘ட’கரத்தை அடுத்த புள்ளியையும் இழந்து, ‘மீனா’ என்று மட்டுமே வரும். பன்னிரண்டு பைட்டு என்பது நான்கு குறி; இங்கே வெட்டு தற்செயலாக எல்லையில் விழுந்ததால் குப்பை வரவில்லை. பதின்மூன்று என்று எழுதியிருந்தால் வரும். எனவே வாங்குமுன் அப்பொறியில் ‘தமிழ்’ என்பதன் நீளத்தைக் கேட்டுப் பார்க்கவேண்டும் என்று பொருளாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து என்றால் மேலே பேசலாம். பதினைந்து என்றால், வேறு கட்டுமானத்தை அதில் ஏற்ற முடியுமா என்று பார்க்கவேண்டும். மூலம் திறந்தே இருக்கிறது, நாமே கட்டிக்கொள்ளலாம். எழுத்தின் உருவத்தை வரைவதும், கொம்பை முன்னும் பின்னும் சரியாக நிறுத்துவதும் தனி வேலை; ஒருங்குறி அதைச் செய்துதராது. அதற்கு எழுத்துரு வேண்டும். அதைச் செய்ய நம்மிடையே ஆள் இருக்கிறார்களா என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய பைத்தானிலும் ஒருங்குறி இல்லாத சூழல் முற்றும் ஒழியவில்லை. மொழி ஒருங்குறியை அறிந்திருந்தும், அது ஓடுகின்ற சூழல் ‘எனக்கு ஆஸ்கி மட்டுமே தெரியும்’ என்று சொல்லலாம். கன்டெய்னர் எனப்படும் சிறு அடைப்புகளுக்குள்ளும், தானே இயங்கும் கட்டுமானப் பொறிகளிலும் ‘சி’ என்னும் வெற்று மொழிச்சூழல் அமைந்திருப்பது வழக்கம். முன்பெல்லாம் அங்கே ஒரு தமிழ்ப் பெயரை அச்சிட முயன்றாலே நிரல் பிழை கூறி நிற்கும். 2018இல் வந்த பைத்தான் 3.7, அத்தகைய வெற்றுச் சூழலைக் கண்டால் தானாகவே யு.டி.எஃப்.-8க்கு மாறிக்கொள்ளக் கற்றுக்கொண்டது. ஆனாலும், வேறு குறியாக்கம் வெளிப்படையாக அமைந்த சூழலில் அது தலையிடாது. ஆகவே தம் மென்பொருளைப் பிறருக்குத் தரும் நண்பர்கள், சோதனையை ஒருமுறை தம் பொறியிலும், ஒருமுறை ஆஸ்கி மட்டுமே அறிந்த சூழலிலும் ஓட்டிப் பார்க்கவேண்டும். சோதனைத் தரவில் ஒரு தமிழ்ப் பெயரையேனும் வையுங்கள். மூன்று எழுத்துக்குமேல் நீண்டதாக, கொம்பும் புள்ளியும் உள்ளதாக. மீனாட்சிசுந்தரம் போதும்.